பக்கத்து சீட்டு பிரேக்

மெதுவா டீச்சரைத் தெரியாது என்று அந்த ஊரில் ஒருவர் சொன்னால், அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம். இருபத்தெட்டு வருஷமாகப் பாதி ஊருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பள்ளிக்கூடம் என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துவிடாதீர்கள். வீட்டு முன்னறையில் ஒரு மேஜை, சுவரில் சாலைக் குறிகள் அச்சடித்த ஒரு படம், வாசலில் வெளிறிப்போன நீலத்தில் ஒரு சின்னக் கார். அவ்வளவுதான் பள்ளிக்கூடம். நிமிஷத்துக்கு நாலு தடவை "மெதுவா, மெதுவா" என்பார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

அந்தக் காரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டிரைவர் பக்கத்துக் கதவைச் சற்றுத் தூக்கி அடித்தால்தான் மூடும். பின் சீட்டில் எப்போதும் இரண்டு தலையணை கிடக்கும். குட்டையானவருக்கு ஒன்று, ரொம்பக் குட்டையானவருக்கு இரண்டு. உள்ளே கண்ணாடியும் இரண்டு, ஓட்டுகிறவருக்கு ஒன்று, டீச்சருக்கு ஒன்று. எல்லாவற்றையும்விட முக்கியமானது டீச்சர் காலடியில் இருந்த இன்னொரு பிரேக். டிரைவர் பக்கத்து பிரேக்கோடு ஒரு கம்பியால் இணைத்தது. ஆக்சிலேட்டர் கிடையாது, கிளட்ச் கிடையாது. அந்த சீட்டில் உட்காருகிறவரால் வண்டியை நிறுத்த முடியும், ஓட்ட முடியாது. அதன் ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளவென்று தெரிந்தது.

மற்ற பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுக்கிறவர் அந்த பிரேக்கைத் தடாலென்று மிதிப்பார். படிக்க வந்தவரின் நெற்றி முன்னால் போய் இடிக்கும். பிறகு காது கூசும்படி நாலு வார்த்தை. டீச்சர் அப்படி இல்லை. தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் கால் வைப்பதுபோல் வைப்பார். வண்டி தானாகவே யோசித்து நிற்பதுபோல் நிற்கும். வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, "பாத்தீங்களா, நீங்கதான் நிறுத்தினீங்க" என்பார். போதாதா? அந்த ஆள் அன்றைக்கே பாதி டிரைவர்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். டீச்சருடையது இருபத்தெட்டு வருஷம் ஓடியது. சொல்லிச் சொல்லி டீச்சரே அதை நம்பிவிட்டதுதான் வேடிக்கை. "நான் பிரேக்கத் தொடறதே இல்லைங்க. எல்லாம் அவங்களாவே கத்துக்கறாங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

முழங்கால்தான் முதலில் காட்டிக்கொடுத்தது. ஐம்பத்தேழாவது வயதில் படி ஏற முடியவில்லை என்று டாக்டரிடம் போனார். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஒரு கால் மட்டும்தான் தேஞ்சிருக்கு. என்ன வேலை பாக்கறீங்கம்மா?"

"கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கறேன்."

"அதானே பாத்தேன். பிரேக் போட்டுப் போட்டே தேச்சிருக்கீங்க."

"நான் எங்க டாக்டர் பிரேக் போட்டேன்?" என்று டீச்சர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. இனிமேல் இந்த வேலை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து அனுப்பினார்.

டீச்சரின் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். ஊரார் பார்வையையெல்லாம் சரி செய்வார், கார் மட்டும் அவருக்கு வரவே இல்லை. கல்யாணமான புதிதில் மனைவியிடமே கற்றுக்கொள்ளப் போய், மூன்றாம் நாள் "எனக்கு டிரைவிங் வேணாம், குடும்பம் வேணும்" என்று நடுரோட்டில் இறங்கி நடந்து வந்துவிட்டார். ஆகவே டீச்சரின் முழங்கால் போய்ப் பள்ளிக்கூடத்தை மூடியதும் வாசலில் நின்ற காரை ஓட்ட வீட்டில் ஆள் இல்லை. புரோக்கர்கள் மோப்பம் பிடித்து வந்தார்கள். டீச்சர் ஒருவரையும் உள்ளே விடவில்லை. கார் எங்கே போக வேண்டும் என்று அவர் மனதில் நாலு வருஷமாக ஓர் இடம் இருந்தது.

டீச்சருக்கு ஒரு தங்கை இருந்தாள். இரண்டு தெரு தள்ளி வீடு. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி வாரத்துக்கு மூன்று நாள் விடிகாலையில் ஆஸ்பத்திரிக்குப் போய், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, பத்தரை மணிக்கு வெளியே வருவாள். போவதும் பஸ், வருவதும் பஸ். காலை ஆறிலிருந்து பதினொன்று வரை டீச்சருக்கு ஓய்வில்லாத வகுப்பு. வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில்தான் வருவார்கள். "நீ வா, நான் வகுப்ப மாத்திக்கறேன்" என்று டீச்சர் சொல்வார். "எனக்கு பஸ்ஸே சௌகரியம்க்கா, காத்தோட்டமா இருக்கு" என்பாள் தங்கை. இவரும் சரியென்று விட்டுவிடுவார்.

வகுப்புப் போகிற பாதை ஆஸ்பத்திரி வழியாகத்தான். எதிர்ப்புறம் பஸ் ஸ்டாப்பில் இரும்பு பெஞ்சு ஒன்று. கையில் பஞ்சு வைத்து ஒட்டி, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கே தங்கை உட்கார்ந்திருப்பாள். நீலக் காரைப் பார்த்ததும் "போ, போ" என்று கையாட்டுவாள். புதிதாக ஓட்டுகிறவர் கையில் ஸ்டியரிங் இருக்கும்போது நோயாளியைப் பின்னால் ஏற்றுவதா? அது நியாயமும் இல்லை. டீச்சர் போய்க்கொண்டே இருப்பார். இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. பிறகு அந்த பெஞ்சில் தங்கை இல்லை.

"ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கத்துக்கொடுத்தேன். கூடப் பொறந்தவள பஸ்ல அனுப்பினேன்" என்று டீச்சர் ஒரே ஒரு தடவைதான் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

அந்த ஆஸ்பத்திரிச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள். பழைய வண்டிகளைத் தானமாக வாங்கி, ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறவர்களை வீட்டில் கொண்டு விடுகிற ஒரு சங்கம், தங்கை போன பிறகு ஆரம்பித்தது. ஆளை ஏற்றத் தகுந்த வண்டியை அவர்களே ஓட்டுவார்கள். தகாததைப் பிரித்து விற்று, மற்ற வண்டிகளுக்கு பெட்ரோல் போடுவார்கள். இரண்டும் நல்ல காரியம்தான். ஆனால் டீச்சருக்கு வேண்டியது ஒன்றுதான்: தன் கார் அந்த பெஞ்சின் முன்னால் நிற்க வேண்டும். நின்று ஒருத்தியையாவது ஏற்றிக்கொள்ள வேண்டும்.

சங்கத்து ஆட்கள் வந்து காரை எடுத்துப்போனார்கள், டீச்சர் காகிதங்களோடு பின்னால் போனார். சங்கத்தின் யார்டு ஆஸ்பத்திரிக்கு ஒரு மைல் தள்ளி. தகரக் கூரைக்கு அடியில் பதினோரு கார்கள் வரிசையாக நிற்கும். சுவரில் ஆணி அடித்துச் சாவிகளை மாட்டியிருப்பார்கள். எந்த டிரைவர் எந்த நோயாளியை ஏற்ற வேண்டும் என்று பலகையில் எழுதிப்போடுவது ஓர் அம்மாள். டீச்சரைப் பார்த்ததும் சாக்கட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். பார்த்தால், தையலக்கா!

தையலக்கா பதினேழு வருஷத்துக்கு முன்பு டீச்சரிடம் படித்தவர். டீச்சரைவிட ஐந்து வயது மூத்தவர். தையல் கடை வைத்திருந்தார். புருஷன் போன மறு வருஷம், நாற்பத்தைந்து வயதில், "இத்தன வருஷம் மெஷின் மிதிச்ச காலு, இத மிதிக்காதா?" என்று வந்து நின்றவர். ஆள் குட்டை, இரண்டு தலையணைக் கேஸ். வாய் பேசிய அளவுக்குத் தைரியம் இல்லை. இரண்டாம் நாள் கடைத்தெருவில் கண்ணாடிப் பலகைகளை ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று குறுக்கே வந்தது. இரண்டு விரற்கடை இடைவெளியில் கார் நின்றது. "நீங்கதான்க்கா நிறுத்தினீங்க" என்றார் டீச்சர், வழக்கம்போல.

அந்த வார்த்தையைத் தையலக்கா என்ன செய்தார் என்கிறீர்கள்? சங்கத்துக்கு ஓட்ட வருகிற ஒவ்வொரு புது ஆளுக்கும் சொல்லித் தந்துகொண்டிருந்தார். அன்றைக்கும் புதிதாக வந்த மூன்று பேரைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இவங்கதான் நான் சொன்ன டீச்சர். ரெண்டாம் நாளு, கண்ணாடி வண்டி குறுக்க வருது. எனக்கு உசுரே இல்ல. ஆனா நிறுத்தினது யாரு? நான்! இவங்க தொடக்கூட இல்ல. அன்னிக்கு வந்த தைரியம், இன்னிக்கு வரைக்கும் ஓட்டறேன். நானே நிறுத்தினேன்னா நீங்க நிறுத்த மாட்டீங்களா?"

மூன்று பேரும் தலையாட்டினார்கள். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டார்.

வண்டியைச் சோதிக்கிறவர் காதுக்காரர். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் இருந்தவர். கோளாறு எதுவானாலும் காதால்தான் கண்டுபிடிப்பார், அதனால் அந்தப் பெயர். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று யாரோ கேட்டதற்கு அவர் சொன்ன பதில் யார்டில் பிரசித்தம்: "மாட்டுக்குப் பல்லு போனா மாடுதான் பட்டினி. வண்டிக்கு பிரேக் போனா உள்ள இருக்கறவன் போயிருவான்."

பழக்கிவிட்டவர் கூட வந்தால் வண்டியின் குணம் தெரியும் என்று டீச்சரையும் ஏறச் சொன்னார். டீச்சர் தன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். மடியில் கார் காகிதங்கள் வைத்த பெரிய பை. காதுக்காரர் டிப்போக்காரர் அல்லவா, எடுத்த எடுப்பிலேயே வேகம். காய்கறிக் கடை முனையில் முன்னால் நின்ற லாரி ஒன்று பின்னோக்கி வந்தது. இவர் கால் வைப்பதற்குள் வண்டி வேகம் குறைந்தது. காதைத் தீட்டிக்கொண்டார். பள்ளிக்கூட வாசலில் மறுபடியும். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு எதிரே ரோடு காலியாகக் கிடந்தது. குறுக்கே ஒரு பூனைகூட இல்லை. அந்த இடத்தில் வண்டி நன்றாகவே முனகி, குலுங்கி, நின்றேவிட்டது.

காதுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, நீங்க கால் வெச்சீங்களா?"

"இல்லைங்க."

"அந்தப் பக்கத்து பிரேக்க..."

"சத்தியமா இல்லைங்க! இருபத்தெட்டு வருஷம் படிக்க வந்தவங்க ஓட்டறப்பவே நான் கால் வெச்சதில்ல. இத்தன அனுபவம் உள்ள நீங்க ஓட்டறப்பவா வெப்பேன்?"

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. நிஜமான கோபம். அந்த முகத்தைப் பார்த்தால் நீங்களும் நானும்கூட நம்பியிருப்போம். காதுக்காரரும் நம்பினார். யார்டுக்குத் திரும்பி, காருக்கு அடியில் படுத்து முழுக்கப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாத கோளாறுதான் அவருக்குப் பயம்.

"பிரேக் தானாப் பிடிக்குது. எப்பப் பிடிக்கும்னு அதுக்கே தெரியாது. நோயாளிய ஏத்திக்கிட்டு இத ரோட்டுல விட மாட்டேன். மன்னிச்சிருங்கம்மா. நாளைக்குப் பத்து மணிக்குப் பிரிக்கறவங்க லாரி வருது" என்று சொல்லி, தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

தையலக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "பிரேக் விஷயத்துல நான் பேசறது இல்லம்மா, காதுதான் பேசும்" என்றுவிட்டார் மனுஷர்.

டீச்சர் பஸ்ஸில் வீடு திரும்பினார். நாற்பது நிமிஷம் நின்றுகொண்டே பயணம். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. இதைத்தானே அவள் வாரம் மூன்று நாள் செய்தாள், ரத்தத்தையெல்லாம் வெளியே எடுத்து உள்ளே விட்ட உடம்போடு, என்று நினைத்ததும் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கடைசியாக ஒரு நல்லது செய்யலாம் என்று போனால் அதுவும் இப்படியா?

சாயங்காலம் வீட்டுக்காரர் டிவி போட்டார். டீச்சர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே டீப்பாயில் இரண்டு டம்ளர் டீ. டிவியில் ஒரு கார் ஒரு கும்பலுக்குள் பாய்ந்து வந்தது. வீட்டுக்காரர் கண்ணை எடுக்காமல் தன் டம்ளரை மட்டும் கையில் எடுத்துக்கொண்டார். அடுத்த நொடி டீப்பாய் ஒரு சாண் நகர்ந்தது, டீச்சரின் டம்ளர் உருண்டது, டீ தரையெல்லாம் ஓடியது.

"நிறுத்திட்டியா?" என்றார் வீட்டுக்காரர்.

"என்னது?"

"கார. நிறுத்திட்டியான்னு கேட்டேன். டிவில கார் வந்தா நீ டீப்பாய மிதிப்பியே. அதான் நான் முன்கூட்டியே டம்ளர எடுத்துக்குவேன்."

டீச்சர் தன் காலைக் குனிந்து பார்த்தார். அது டீப்பாயின் காலை இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருந்தது.

"எப்பலேர்ந்து?"

"டிவி வாங்கின நாள்லேர்ந்து. பஸ்ல மிதிப்ப. ஆட்டோல மிதிப்ப. தூக்கத்துல என்னையும் ரெண்டு தடவ நிறுத்தியிருக்க."

"சொல்லக் கூடாதா?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன். உன் கால்தானே?"

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? டீச்சர் துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். காய்கறிக் கடை முனை: லாரி வந்தது, மிதித்திருக்கிறேன். பள்ளிக்கூட வாசல்: மிதித்திருக்கிறேன். ஆஸ்பத்திரி எதிரே? அங்கே ஒன்றுமே வரவில்லையே, ஏன் மிதித்தேன்? யோசித்தார். யோசிக்க ஒன்றும் இல்லை. அந்த பெஞ்சு. அந்த இரண்டு வருஷமும் அங்கே நிறுத்த வேண்டும் என்று கால் துடித்தது, டீச்சர் நிறுத்தவில்லை. இன்றைக்கு யாரும் கேட்காமல் அதுவாகவே நிறுத்திவிட்டது. டீச்சர் வாய்விட்டு அழுதார். வீட்டுக்காரர் டிவியை அணைத்துவிட்டு, கையிலிருந்த டீயை அவருக்குக் கொடுத்தார்.

அழுது முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. யார்டுக்குப் போன் செய்தார், எடுக்க ஆள் இல்லை. சத்தியம் வேறு பண்ணியாயிற்று. போய், "கால் வைத்தது நான்தான்" என்றால், கேட்கிறவர்கள் அதோடு விடுவார்களா? தன் காலே தனக்குத் தெரியாமல் மிதிக்கிறது என்றால் இருபத்தெட்டு வருஷமும் மிதித்தது யார் என்று கேட்க மாட்டார்களா? தையலக்கா அங்கே நிற்பாரே. அந்தக் கண்ணாடி வண்டியின் மேல்தான் அவர் பதினேழு வருஷமாக நிற்கிறார். ஒரு காரைக் காப்பாற்ற ஒரு மனுஷியின் தைரியத்தைப் பிடுங்குவதா? சொல்லாமல் இருந்தாலோ, கார் துண்டுதுண்டாகிவிடும். காலை வரைக்கும் டீச்சருக்கு விடை கிடைக்கவில்லை. கிடைக்காமலேயே பஸ் ஏறினார்.

பஸ் தாமதம். யார்டுக்குள் நுழைந்தபோது லாரி வந்துவிட்டது. சாய்த்துப் போட்ட பலகையில் நீலக் காரின் முன்சக்கரம் இரண்டும் ஏறியாயிற்று. லாரிக்காரர் சங்கிலியை முறுக்கிக்கொண்டிருந்தார். காதுக்காரர் தாளோடு பக்கத்தில் நின்றார். பலகை அருகே தையலக்காவும் புது டிரைவர்கள் மூன்று பேரும்.

"நிறுத்துங்க!" என்று டீச்சர் கத்தினார். மெதுவா டீச்சர் கத்தி அதுவரை யாரும் கேட்டதில்லை.

மூச்சு வாங்க வந்து காதுக்காரர் முன்னால் நின்றார். "பிரேக்ல கோளாறு இல்லைங்க. எங்கிட்டதான் கோளாறு. கால் வெச்சது நான்தான்."

"சத்தியம் பண்ணீங்களேம்மா?"

"பண்ணினேன். பண்ணினப்ப எனக்கே தெரியாது. என் கால் எங்கிட்டச் சொல்லாமப் பண்ணுது. வீட்ல டிவி பாத்தாக்கூடப் பண்ணுது. இருபத்தெட்டு வருஷமா..." டீச்சர் நிறுத்தினார். தையலக்காவைப் பார்க்காமல் சொல்லி முடித்தார். "இருபத்தெட்டு வருஷமா எல்லாருக்கும் நான்தான் பிரேக் போட்டேன். போட்டுட்டு, நீங்கதான் நிறுத்தினீங்கன்னு சொன்னேன். எல்லார்கிட்டயும்."

புது டிரைவர்கள் மூன்று பேரும் தையலக்கா முகத்தைப் பார்த்தார்கள். லாரிக்காரர்கூட சங்கிலியை விட்டுவிட்டார்.

தையலக்கா மெதுவாக நடந்து வந்தார்.

"டீச்சர், அந்தக் கண்ணாடி வண்டி வந்தப்ப என் காலு எங்க இருந்துச்சுன்னு தெரியுமா?"

டீச்சர் தலையாட்டினார், தெரியாது என்று.

"ரெண்டும் சீட்டு மேல. எலியப் பாத்தவ மாதிரி மடக்கிக்கிட்டேன். தலகாணியும் நழுவிருச்சு. கண்ண வேற இறுக்கி மூடிக்கிட்டேன். தொறந்து பாத்தா வண்டி நிக்குது. நீங்க என்னப் பாத்து, நீங்கதான்க்கா நிறுத்தினீங்கங்கறீங்க. கீழ ஒரு காலும் இல்ல, எப்பிடி நிறுத்தினேன்?"

"அப்ப உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியாம? அவங்கவங்க காலு அவங்கவங்களுக்குத் தெரியாதா, உங்களத் தவிர?" தையலக்கா சிரித்தார். உடனே சிரிப்பு நின்றுவிட்டது. "எம் புருஷன் போனதுக்கப்புறம் எல்லாரும் எங்கிட்ட, உன்னால முடியாது, முடியாதுன்னே சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் முடிஞ்சிருச்சுன்னு சொன்னீங்க. பொய்தான். இருந்தா என்ன? இந்தம்மா இவ்வளவு ஆசையாச் சொல்றாங்க, இதக் கெடுப்பானேன்னு வாங்கி வெச்சுக்கிட்டேன். அத வெச்சுத்தான் அடுத்த நாள் வந்தேன்."

டீச்சரின் கையைத் தையலக்கா பிடித்துக்கொண்டார். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள்.

காதுக்காரர் கனைத்தார். "உங்க கத நல்லாத்தான் இருக்கு. எனக்கு வண்டி நல்லா இருக்கணும். இவங்கள விட்டுட்டு ஓட்டிப் பாத்தா, இன்னிக்குப் பிடிக்கல, நாளைக்குப் பிடிக்கும்னு சந்தேகம் இருந்துக்கிட்டே இருக்கும். நேத்து மாதிரியே இவங்க அந்த சீட்டுல இருக்கணும், அதே பாதை. காலு மட்டும் கூடாது. அப்பவும் பிடிச்சா லாரிதான்."

"அர மணிதான்" என்றார் லாரிக்காரர், பலகையிலிருந்து காரை இறக்கிக்கொண்டே.

தையலக்கா சாவியை எடுத்தார். "நான் ஓட்டறேன். நீங்க பின்னாடி உக்காந்து காதக் கொடுங்க. டீச்சர், உங்க எடத்துல ஏறுங்க. கால மேல வைங்க, அன்னிக்கு நான் வெச்ச மாதிரி."

தேய்ந்த முழங்காலை மடக்கி சீட்டின் மேல் வைப்பது லேசில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு டீச்சர் இரண்டு காலையும் மேலே ஏற்றினார். பாதங்களைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தையலக்கா பின்னாலிருந்து இரண்டு தலையணையையும் கேட்டு வாங்கிப் போட்டு உட்கார்ந்து, கதவைத் தூக்கி அடித்தார். பதினேழு வருஷம் ஆகியும் அந்தக் கதவின் குணத்தை மறக்கவில்லை.

காய்கறிக் கடை முனையில் சைக்கிள் ஒன்று குறுக்கே போனது. டீச்சரின் கைக்குள் பாதம் துள்ளியது. தையலக்கா தானே வேகம் குறைத்து, தானே எடுத்துப் போனார். பள்ளிக்கூட வாசலிலும் அப்படியே. பின்னால் காதுக்காரர் கண்ணை மூடி, தலையை ஜன்னல் பக்கம் சாய்த்திருந்தார். "சத்தமே இல்ல" என்று முணுமுணுத்தார். டீச்சர் காரில் இப்படி ஒரு பயணம் போனதே இல்லை. வலித்தது, பயமாக இருந்தது, இருந்தும் தையலக்காவின் கைகளைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. எவ்வளவு அழகாக ஓட்டுகிறார்! இதை யார் சொல்லிக்கொடுத்தது?

ஆஸ்பத்திரி வந்தது. டீச்சர் பாதங்களை இன்னும் இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார். இங்கேதான். இந்த இடம் தாண்டிவிட்டால் போதும்.

கார் மெல்ல வேகம் குறைந்தது. ஒரு குலுக்கல் இல்லாமல், யோசித்து நிற்பதுபோல் நின்றது.

"அய்யோ!" என்றார் டீச்சர் கண்ணைத் திறக்காமலே. "நான் இல்லைங்க! சத்தியமா இந்தத் தடவ நான் இல்ல! பாருங்க, ரெண்டும் கையில இருக்கு!"

"தெரியும் டீச்சர்" என்றார் தையலக்கா. "இந்தத் தடவ நெசமாவே நான்தான் நிறுத்தினேன். கண்ணத் தொறந்து பாருங்க."

டீச்சர் பார்த்தார். இரும்பு பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கையில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. மடியில் துணிப்பை.

"நம்ம பலகைல இருக்கற பேருதான். பதினோரு மணிக்கு வேற வண்டி போட்டிருந்தேன். அது வரைக்கும் எதுக்குக் காத்துக் கெடக்கணும்?" தையலக்கா பின்னால் திரும்பினார். "என்ன சொல்றீங்க, ஏத்தலாமா?"

காதுக்காரர் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்துக் கிழித்தார். பிறகு கதவைத் திறந்துவிட்டு, அந்தப் பெண்ணுக்கு இடம் கொடுத்து ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"மெதுவா ஏறும்மா" என்றார் டீச்சர். "மெதுவா, மெதுவா."